2 லிட்டர் காருக்கு எந்த டர்போ? அளவு பார்த்து எடுப்பது எப்படி

தெம்பனிஸ் தம்பி · மார்ச் 3, இரவு 9.15

அண்ணே, கார் ஜப்பான் 2 லிட்டர். ஃபாக்டரியிலேயே டர்போ, மேனுவல் கியர், கம்ப்ரஷன் 9:1, 205 குதிரைத்திறன். சிஓஇ (சிங்கப்பூர்ல கார் வச்சிருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சாச்சு. இப்போ டர்போ நீலப் புகை விடுது, பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள்ள தள்ளுற கூடுதல் காற்றழுத்தம்) ஏறும்போது ஊளை மாதிரி ஒரு சத்தம். ஹாஃப்-கட் கடையில (பழைய காரைப் பாதியா வெட்டி பாகம் விக்கிற கடை) ஜிடி3582 டர்போ ஒண்ணு மலிவா கிடக்கு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் சேர்த்துத் தர்றாங்க. எப்படியும் மாத்தத்தான் போறேன், பெருசாவே போட்டா 400 வருமே. போடலாமா?

காக்கி புக்கிட் · மார்ச் 3, இரவு 10.40

வேண்டாம் தம்பி. ஜிடி3582 நல்ல டர்போதான். ஆனால் அது 400-க்கு மேல் எடுக்கப் போகிற இன்ஜினுக்குச் செய்தது. உங்கள் 2 லிட்டரில் அது முழு பூஸ்ட் தர 4,500 ஆர்பிஎம் தாண்ட வேண்டும்.

டர்போ விலையைக் கேட்பதற்கு முன் உங்கள் கியரைக் கணக்குப் போடுங்கள். டயர் சுற்றளவு 1.95 மீட்டர், ஃபைனல் டிரைவ் 4.1 என்று வைத்துக்கொள்வோம். நம் விரைவுச்சாலையில் உச்ச வேகம் 90. அந்த வேகத்தில் ஐந்தாவது கியர் (0.8) 2,500 ஆர்பிஎம் சுற்றும், மூன்றாவது (1.3) 4,100, இரண்டாவது (1.95) 6,150. அதாவது இந்தத் தீவில் அந்த டர்போ வேலை செய்யும் இடம் இரண்டாவது கியரின் மேல்பாதி மட்டும்தான். மீதி நேரமெல்லாம் 9:1 கம்ப்ரஷனில், டர்போ இல்லாத காரைவிட மந்தமான ஒரு 2 லிட்டரை ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

400 குதிரைத்திறன் என்றால் கனெக்டிங் ராடு, கிளட்ச், கியர்பாக்ஸ், பெட்ரோல் லைன் எல்லாமே கேள்விக்குள் வந்துவிடும். அஞ்சு வருஷ சிஓஇ முடிந்தால் மறுபடி புதுப்பிக்க முடியாது, கார் ஸ்கிராப்புக்குத்தான் போகும். அதையும் மனதில் வைத்துச் செலவு செய்யுங்கள்.

உங்களுக்கு 250 போதும். 2,800-இலிருந்தே இழுக்கும் 250, நம் சாலையில் 400-ஐவிட வேகமான கார்.

காக்கி புக்கிட் · மார்ச் 3, இரவு 11.02

பழைய டர்போவைக் கழற்றினால் தூக்கிப் போடாதீர்கள். அது ஏன் போனது என்று தெரியாமல் புதியதை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

காக்கி புக்கிட் · மார்ச் 4, மாலை 7.30

250-க்கு எவ்வளவு காற்று வேண்டும்? பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பூஸ்டில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.25 கிலோ பெட்ரோல் வைக்கலாம். 250 × 0.25 = 62.5 கிலோ. முழு லோடில் காற்றும் பெட்ரோலும் 11.5-க்கு 1. ஆக மணிக்கு 719 கிலோ காற்று, வினாடிக்கு 200 கிராம். அமெரிக்கக் கம்பெனிகளின் மேப் (எந்தக் காற்றளவில், எந்த அழுத்த விகிதத்தில் டர்போ எவ்வளவு திறனோடு ஓடும் என்று காட்டும் வரைபடம்) பவுண்டில் இருக்கும். அதில் இது நிமிஷத்துக்கு 26.4 பவுண்டு. ஒரு பவுண்டுக்குச் சுமார் 10 குதிரைத்திறன் என்று பட்டறையில் சொல்வார்கள். அந்தக் கைக்கணக்கும் இதோடு ஒத்துப்போகிறது.

அடுத்தது, இந்த 200 கிராமை 2 லிட்டர் இன்ஜினுக்குள் தள்ள எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பது. 6,500 ஆர்பிஎம்மில் நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் வினாடிக்கு 54.2 தடவை தன் கொள்ளளவை உறிஞ்சும். சிலிண்டர் நிரம்பும் திறன் 92 சதவீதம். இன்டேக் மேனிஃபோல்டுக்குள் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) காற்று 54 டிகிரி செல்சியஸ், அதாவது 327 கெல்வின்.

0.2 × 287 × 327 ÷ (0.92 × 0.002 × 54.2) = 1,88,000 பாஸ்கல். 1.88 பார் முழு அழுத்தம். வெளிக்காற்று 1.01 பாரைக் கழித்தால் பூஸ்ட் 0.87 பார்.

கம்ப்ரஸர் (டர்போவில் காற்றை அழுத்தும் பக்கம்) பார்க்கும் விகிதம், அதாவது வெளியேறும் அழுத்தத்தை உள்ளே வரும் அழுத்தத்தால் வகுத்தது, இதைவிடக் கொஞ்சம் கூடும். இன்டர்கூலரிலும் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) குழாயிலும் 0.14 பார் போகும், ஏர் ஃபில்டர் பக்கம் 0.07 போகும். (1.88 + 0.14) ÷ (1.01 − 0.07) = 2.15.

26.4 பவுண்டு, 2.15. இந்த இரண்டு எண்ணும் கையில் இல்லாமல் எந்தக் கடைக்கும் போகாதீர்கள்.

ஜூரோங் வெஸ்ட் · மார்ச் 4, இரவு 11.50

54 டிகிரி எங்கிருந்து வந்தது? அது 130 ஃபாரன்ஹீட். குளிர்நாட்டுக்காரன் எழுதிய உதாரணத்தில் வரும் எண். நம் ஊரில் மதியம் 32 டிகிரி, பானெட்டுக்குள் ஃபில்டர் இருந்தால் அது உறிஞ்சுவது 40. திருத்திப் போடுங்கள்.

காக்கி புக்கிட் · மார்ச் 5, காலை 8.10

ஜூரோங் சொன்னது சரி, நேற்றைய என் எண் தப்பு. அங்கிருந்தே திருப்பிப் போடுகிறேன்.

காற்றை அழுத்தினால் சூடேறும். 40 டிகிரி (313 கெல்வின்) காற்று, விகிதம் 2.15, கம்ப்ரஸர் திறன் 72 சதவீதம் என்றால்: 2.15-இன் 0.283 அடுக்கு 1.242. ஒன்றைக் கழித்து 0.72-ஆல் வகுத்தால் 0.336. அதை 313-ஆல் பெருக்கினால் 105 டிகிரி ஏற்றம். டர்போ வாயில் 145 டிகிரி. 70 சதவீதத் திறனுள்ள இன்டர்கூலர், 32 டிகிரி வெளிக்காற்றை வைத்து இதை 66-க்கு இறக்கும். 54-க்கு இறக்காது.

66 டிகிரியில் அதே 200 கிராமுக்கு 1.95 பார் வேண்டும். பூஸ்ட் 0.94, விகிதம் 2.22. நேற்றைய 2.15-ஐ அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அதே டர்போவை மேப்பின் ஓரத்தில், 62 சதவீதத் திறனில் ஓடவிட்டால் டர்போ வாயில் 160 தாண்டும். அதனால்தான் "எவ்வளவு பூஸ்ட் தாங்கும்" என்பதைவிட "என் புள்ளி மேப்பில் எந்தத் தீவுக்குள் (ஒரே திறனைக் காட்டும் வளையம்) விழுகிறது" என்பது முக்கியம்.

இதோடு நம் ஊர் ஈரப்பதம் வேறு. காற்றில் கலந்த நீராவி ஏறத்தாழ 3 சதவீத இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறையும். அதற்காக டர்போவை மாற்றத் தேவையில்லை, ஆனால் குளிர்நாட்டு டைனோ (குதிரைத்திறன் அளக்கும் கருவி) காட்டும் எண்ணை இங்கே எதிர்பார்க்கக் கூடாது.

ஜூரோங் வெஸ்ட் · மார்ச் 5, காலை 9.25

ஏர் ஃபில்டரை முன் விளக்குப் பக்கம் இழுத்து ஒரு தடுப்புப் பெட்டி வைத்தால் 40-ஐ 34 ஆக்கலாம். அந்த 6 டிகிரி செலவில்லாமல் வருவது. பானெட்டுக்குள் திறந்த கூம்பு ஃபில்டர் வைப்பவர்கள் சத்தத்துக்காக வெப்பத்தை வாங்குகிறார்கள்.

இன்டர்கூலர் இன்ஜின் மேல் உட்கார்ந்திருக்கும் கார் என்றால் நெரிசலில் அது ரேடியேட்டர் மாதிரி சூடாகும். மாலை ஆறரைக்கு மத்திய விரைவுச்சாலையில் ஊர்ந்துவிட்டு வெளியே வந்ததும் மிதித்தால் முதல் அரை நிமிஷம் உள்ளே போவது வெந்த காற்று. முன்பக்க இன்டர்கூலர் சீக்கிரம் தேறிவிடும். குழாய் நீளும், பூஸ்ட் ஒரு மூச்சு தாமதமாகும், அவ்வளவுதான்.

செங்காங் வாசகர் · மார்ச் 5, பிற்பகல் 1.40

ஆக்சிலேட்டரை விட்டதும் "சுட்டுட்டுட்டு" என்று புறா மாதிரி ஒரு சத்தம் வருமே, அது பெரிய டர்போவின் அடையாளம்தானே?

காக்கி புக்கிட் · மார்ச் 5, இரவு 8.45

அது சர்ஜ். திராட்டில் (இன்ஜினுக்குள் காற்று போகும் கதவு) மூடிவிட்டது, அழுத்திய காற்றுக்குப் போக வழியில்லை, கம்ப்ரஸர் வீல் வழியாகவே திரும்பி வருகிறது. ஷாஃப்ட் நிமிஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும்போது வீலை முன்னும் பின்னும் உதைப்பது மாதிரி. அடி வாங்குவது த்ரஸ்ட் பேரிங் (ஷாஃப்டின் முன்பின் தள்ளலைத் தாங்குவது). பைபாஸ் வால்வு சரியாகத் திறந்தால் இது வராது.

திராட்டிலை விடும்போது வருவதைவிட மோசமானது, மிதித்தபடி இருக்கும்போதே வருவது. பெரிய கம்ப்ரஸர், சின்ன இன்ஜின், 3,000 ஆர்பிஎம், உயர் கியர் என்றால் அது வரும். இதையும் வாங்குவதற்கு முன்பே மேப்பில் பார்த்துவிடலாம். 6,500-இல் 26.4 பவுண்டு என்றால் அதே பூஸ்டில் 3,000-இல் 12.2 பவுண்டு. ஓட்டம் குறைவதால் குழாய் இழப்பும் குறையும், விகிதம் 2.0 பக்கம். இந்தப் புள்ளியை மேப்பில் வையுங்கள். மேப்பின் இடது ஓரக்கோட்டுக்கு வலப்பக்கம் விழுந்தால் பிழைத்தீர்கள். இடப்பக்கம் விழுந்தால் அந்த டர்போ உங்களுக்கில்லை. தம்பி கேட்ட ஜிடி3582-இல் அது இடப்பக்கம்.

தம்பிக்குப் பொருந்துவது கேரட் கம்பெனியின் ஜிடி2860ஆர்எஸ் வகை. கம்பெனியே 250 முதல் 360 வரை என்று போட்டிருக்கிறது. மிட்சுபிஷியில் டிடி05எச்-16ஜி. ஜி25-550 என்பதும் நல்ல டர்போ, ஆனால் அதன் கணக்கு 300-இல்தான் தொடங்குகிறது. இந்த ஜி வரிசையில் பெயரின் கடைசி எண்ணே குதிரைத்திறன் உச்சவரம்பு.

"62 டிரிம்" என்று பெட்டியில் எழுதியிருப்பதைச் சிலர் மில்லிமீட்டர் என்று நினைக்கிறார்கள். வீலின் வாய் விட்டத்தை வெளிவிட்டத்தால் வகுத்து, வர்க்கம் போட்டு, நூறால் பெருக்குவது அது. ஜிடி2860ஆர்எஸ் வீல் வாய் 47.2, வெளி 60. அதிலிருந்துதான் 62 வருகிறது.

காக்கி புக்கிட் · மார்ச் 6, இரவு 9.00

கம்ப்ரஸர் பக்கம் ஆயிற்று. டர்பைன் பக்கத்தை (எக்ஸாஸ்ட் வாயு மோதிச் சுழற்றும் பக்கம்) எல்லாரும் பெட்டியோடு வந்ததே போதும் என்று விட்டுவிடுவார்கள். கார் ஓட்டும் சுகத்தைத் தீர்மானிப்பது இந்தப் பக்கம்.

ஏ/ஆர் என்பது நத்தைக்கூட்டின் குறுக்குப் பரப்பை அதன் மையத் தூரத்தால் வகுத்த எண். சின்ன எண் என்றால் வாயு வேகமாக வீலில் மோதும், பூஸ்ட் சீக்கிரம் வரும், மேல் ஆர்பிஎம்மில் பின்னழுத்தம் கூடி மூச்சு முட்டும். பெரிய எண் நேர் எதிர். ஜிடி2860ஆர்எஸ்-க்கு 0.64, 0.86 என்று இரண்டு கூடு வருகிறது. 2 லிட்டர், நம் ஊர் சாலை, இலக்கு 250 என்றால் யோசிக்காமல் 0.64. மாதம் ஒரு தடவை செப்பாங் பந்தயத்தடத்துக்குப் போகிறவர்கள் மட்டும் 0.86-ஐ நினைக்கலாம்.

வேஸ்ட்கேட் (மிஞ்சிய எக்ஸாஸ்ட் வாயுவை டர்பைனைத் தொடாமல் வெளியே விடும் கதவு) விஷயத்தில் பலருக்குக் கணக்குத் தலைகீழாக வரும். குறைந்த பூஸ்ட் வேண்டும் என்றால்தான் பெரிய வேஸ்ட்கேட் வேண்டும், அதிக வாயுவை வெளியேற்ற வேண்டியிருக்கிறதே. துளை சின்னதாக இருந்தால் 0.9-இல் நிற்க வேண்டிய பூஸ்ட் 5,500 தாண்டியதும் தானாக 1.1, 1.2 என்று ஏறிக்கொண்டே போகும். பூஸ்ட் கன்ட்ரோலரைத் திருகி இதைச் சரிசெய்ய முடியாது. வேஸ்ட்கேட் ஸ்பிரிங்கின் அழுத்தத்துக்குக் கீழே எந்தக் கன்ட்ரோலரும் பூஸ்டை இறக்காது.

ட்வின் ஸ்க்ரோல் (இரண்டு வாய் உள்ள டர்பைன் கூடு): சிலிண்டர் எரியும் வரிசை 1-3-4-2 என்றால் 1-உம் 4-உம் ஒரு வாயில், 2-உம் 3-உம் இன்னொரு வாயில். ஒன்றின் புகைத் துடிப்பு அடுத்ததைத் தடுக்காது, கீழ் ஆர்பிஎம்மில் வித்தியாசம் தெரியும். ஆனால் மேனிஃபோல்டும் பிரிந்தே வர வேண்டும். ஒற்றை வாய் மேனிஃபோல்டில் ட்வின் ஸ்க்ரோல் கூட்டை மாட்டுவது வெட்டிச் செலவு.

தெம்பனிஸ் தம்பி · மார்ச் 7, காலை 10.20

அண்ணே, கடையில அதே அளவுல டிடி05-16ஜியும் இருக்காம், ஹாஃப்-கட்லேருந்து கழட்டினது. பார்த்து வாங்க என்ன பார்க்கணும்?

காக்கி புக்கிட் · மார்ச் 7, பிற்பகல் 12.35

சின்ன டார்ச் ஒன்றும் வெள்ளைத் துணியும் கொண்டு போங்கள்.

முதலில் கம்ப்ரஸர் வாய்க்குள் டார்ச் அடித்து ஒவ்வொரு இதழின் முன் ஓரத்தையும் பாருங்கள். புது வீலில் அது கத்தி மாதிரி நேராக இருக்கும். மணல் தின்றிருந்தால் ரம்பப் பல் மாதிரி மங்கி உருண்டிருக்கும், ஃபில்டர் இல்லாமல் ஓடிய வண்டி என்று அர்த்தம். ஒரே ஒரு இதழ் நுனி மடங்கியிருந்தாலும் வேண்டாம், வீலின் சமநிலை போய்விட்டது.

அடுத்தது கூட்டின் உட்சுவர். வீல் உரசிய இடத்தில் பளபளவென்று பிறை மாதிரி ஒரு கோடு தெரியும். தெரிந்தால் பேரிங் முடிந்தது.

பிறகு ஷாஃப்டின் நட்டை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். உள்ளே போய்வரும் ஆட்டம் கையில் உணரும்படி இருக்கவே கூடாது. டயல் கேஜ் வைத்தால் 0.1 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். பக்கவாட்டு ஆட்டம் வேறு விஷயம். ஜர்னல் பேரிங் (ஷாஃப்ட் எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் வகை) டர்போவில் எண்ணெய் இல்லாதபோது கொஞ்சம் ஆடும், அது இயல்பு. ஆடும்போது வீல் சுவரைத் தொடுகிறதா என்பதுதான் கேள்வி.

எண்ணெய் வெளியேறும் துளைக்குள் துணியை விட்டுத் துடையுங்கள். பழுப்பு எண்ணெய் என்றால் சரி. கறுப்புத் தூளாகக் கரி வந்தால் உள்ளே எண்ணெய் வெந்து கட்டியாகியிருக்கிறது. கடைசியாக டர்பைன் கூட்டில் வேஸ்ட்கேட் துளையைச் சுற்றி விரிசல் பாருங்கள். மயிரிழை விரிசல் பலவற்றில் இருக்கும். துளையிலிருந்து வீல் பக்கம் ஓடினால் மட்டும் விட்டுவிடுங்கள்.

இவ்வளவும் தேறினாலும் அதைப் பிரித்து சுத்தம் செய்து, பேரிங் கிட் மாற்றி, பேலன்ஸ் செய்துதான் மாட்ட வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தால் புதியதன் விலையிலிருந்து எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். கேரட், மிட்சுபிஷி பெயரில் போலியும் நிறைய வருகிறது. பெயர்த்தகட்டில் பார்ட் நம்பரும் சீரியல் நம்பரும் தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும். தகடே இல்லாததை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

ஜூரோங் வெஸ்ட் · மார்ச் 8, காலை 7.55

எல்லாரும் தாண்டிப்போகும் விஷயம்: எல்டிஏ, அதாவது நிலப் போக்குவரத்து ஆணையம். செத்த டர்போவுக்குப் பதில் அதே மாடலைப் போடுவது பழுதுபார்ப்பு. வேறு அளவைப் போடுவது இன்ஜின் மாற்றம், அதற்கு மாட்டுவதற்கு முன்பே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதலில்லாமல் மாற்றிப் பிடிபட்டால் முதல் தடவை 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை அல்லது இரண்டும். மறுபடி என்றால் 10,000 வெள்ளி, 6 மாதம் வரை. தம்பியின் கார் பத்து வருஷம் தாண்டியது, ஆண்டுதோறும் வாகனச் சோதனைக்குப் போக வேண்டும். மறைத்து ஓட்டுவது என்பது நடக்காது.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். விபத்துக்குப் பிறகு, பணம் தர முடியாது என்று அவர்கள் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட இப்போதே பிரீமியம் ஏறட்டும்.

சாலை வரி இன்ஜின் சிசி கணக்கு என்பதால் டர்போ அளவால் மாறாது.

காக்கி புக்கிட் · மார்ச் 8, இரவு 9.30

ஜூரோங் சொன்னதால் என் யோசனையையும் மாற்றிக்கொள்கிறேன். தம்பி, 205-க்கும் 250-க்கும் நடுவே உள்ள 45 குதிரைத்திறனுக்காக ஒப்புதல், டியூனிங், இன்ஜெக்டர், பம்ப் என்று அலைவதா, அதே மாடல் புது டர்போவைப் போட்டு மற்றதைச் சீராக்குவதா? பத்து வருஷக் காரில் பழைய டர்போ பாதி செத்த நிலையில் ஓடிக்கொண்டிருந்திருக்கும். உங்களுக்கு இப்போது 205-உம் வந்துகொண்டிருக்காது. முழு 205 திரும்பி வந்தாலே வேறு கார் ஓட்டுவது மாதிரி இருக்கும். இரண்டையும் விலை போட்டுப் பாருங்கள். 250-தான் என்று முடிவானால் முதலில் ஒப்புதல், பிறகு பட்டறை.

செங்காங் வாசகர் · மார்ச் 9, மாலை 4.15

என்னுடையது டர்போவே இல்லாத 1.5, கம்ப்ரஷன் 10.5, ஆட்டோ கியர். டர்போ கிட் என்று ஆன்லைனில் விற்கிறார்களே?

காக்கி புக்கிட் · மார்ச் 9, இரவு 10.10

கம்ப்ரஷன் 10.5-இல் பூஸ்ட் வைத்தால் முதல் எதிரி நாக், அதாவது சிலிண்டருக்குள் கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது. 98 ஆக்டேன் பெட்ரோல் போட்டாலும், நல்ல டியூனிங் இருந்தாலும் 0.4 பாருக்கு மேல் நான் பரிந்துரைக்க மாட்டேன். இது புது ஆசையுமில்லை. 1962-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் 10.25 கம்ப்ரஷனில் டர்போ வைத்தே விற்பனைக்கு வந்தது. நாக் வராமலிருக்க நீரும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தைத் தெளிக்கும் தொட்டி ஒன்று வைத்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் அதை நிரப்ப மறந்தார்கள், சிக்கல் அங்கேயே தொடங்கியது.

இன்ஜினுக்கு முன்னால் கியர்பாக்ஸ் போய்விடும். ஃபோக்ஸ்வாகனின் 7 ஸ்பீட் உலர் கிளட்ச் டிகியூ200 பெட்டியின் தாங்குதிறன் 250 நியூட்டன்மீட்டர். ஆறு ஸ்பீட் ஈரக் கிளட்ச் டிகியூ250-க்கு 350. சிவிடி (கியருக்குப் பதில் பெல்ட்டும் புல்லியும் உள்ள ஆட்டோ) பெட்டிகளில் பெல்ட் ஒருமுறை வழுக்கினால் புல்லியில் கோடு விழும், பிறகு வழுக்கிக்கொண்டே இருக்கும். உங்கள் பெட்டியின் எண்ணைத் தேடி எடுங்கள். அதற்குள் நிற்காத கிட் எதுவும் வேண்டாம். ஒப்புதல் விஷயமும் உங்களுக்கு இன்னும் கடினம்.

கொஞ்சம் வேகம் வேண்டுமென்றால் அடுத்த காரை ஃபாக்டரி டர்போவாக எடுங்கள். 2014 பிப்ரவரியிலிருந்து ஏ பிரிவு (சின்ன கார்கள்) சிஓஇ-க்கு 1,600 சிசி-யோடு 97 கிலோவாட் வரம்பும் வந்துவிட்டதால், சின்ன டர்போ இன்ஜின்களை அந்த எண்ணுக்குள் அடக்கியே இங்கே விற்கிறார்கள். நேரடி இன்ஜெக்‌ஷன் சின்ன டர்போ என்றால் ஏபிஐ எஸ்பி தர எண்ணெய் ஊற்றுங்கள். கீழ் ஆர்பிஎம்மில் பிஸ்டனை உடைக்கும் முன்னெரிப்பைத் தடுப்பதையும் சேர்த்தே 2020-இல் அந்தத் தரம் வந்தது.

காக்கி புக்கிட் · மார்ச் 11, இரவு 8.20

மாட்டும் முறை. எந்த டர்போவானாலும் இதுதான்.

எண்ணெய்க் குழாயைக் கழுவி மறுபடி போடாதீர்கள், புதிது போடுங்கள். பத்து வருஷக் குழாயின் உட்சுவரில் கரி ஒட்டியிருக்கும். பான்ஜோ போல்ட்டுக்குள் (எண்ணெய்க் குழாயை மாட்டும், நடுவே துளையுள்ள போல்ட்) சின்ன வலை ஃபில்டர் இருக்கும் கார்கள் உண்டு. அதைக் கழற்றிப் பார்க்காதவர்கள்தான் ஒரே வருஷத்தில் இரண்டு டர்போ மாற்றுகிறார்கள்.

எண்ணெய் கேஸ்கெட்டில் சிலிகான் பூசவே கூடாது. இறுக்கும்போது உள்பக்கம் பிதுங்கும் புழு மாதிரியான துண்டு ஒருநாள் அறுந்து, நேராக டர்போவின் எண்ணெய் வாயிலுள்ள 1 மில்லிமீட்டர் துளையில் போய் அடைக்கும்.

திரும்பும் குழாய்க்கு அழுத்தம் கிடையாது, எண்ணெய் தன் எடையால்தான் இறங்க வேண்டும். உள்விட்டம் குறைந்தது 12.7 மில்லிமீட்டர். வழியில் மேடு, மடிப்பு கூடாது, சம்ப்பில் (இன்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். டர்போ ஷாஃப்டில் ரப்பர் சீல் கிடையாது, பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு வளையம் மட்டும்தான். கீழே வழி அடைத்தால் எண்ணெய் அந்த வளையத்தைத் தாண்டி எக்ஸாஸ்டுக்குள் வரும். நீலப் புகை! பிசிவி வால்வு (கிராங்க்கேஸில் சேரும் வாயுவை வெளியேற்றுவது) அடைத்து கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினாலும் இதே புகை. தம்பி, நல்ல டர்போவைக் குற்றம் சொல்வதற்கு முன் அந்த வால்வைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள். கலகலவென்று சத்தம் வர வேண்டும்.

பழைய டர்போ உடைந்திருந்தால் இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவுங்கள். உள்ளே தேங்கிய எண்ணெயும் அலுமினியத் துகளும் புது டர்போவுக்குப் பின்னால்தான் இருக்கின்றன, ஆனால் இன்ஜினுக்கு முன்னால்.

புது எண்ணெய், புது ஃபில்டர். டர்போவின் எண்ணெய் வாயில் சுத்தமான எண்ணெயை ஊற்றி, வீலைக் கையால் சுற்றுங்கள். பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, பத்து பத்து வினாடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள், எண்ணெய் விளக்கு அணையும் வரை. பிறகு ஃபியூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்து மூன்று நிமிஷம் ஐடிலில் விடுங்கள். இந்த நேரத்தில் ஆக்சிலேட்டரைத் தொடவே கூடாது.

ஜூரோங் வெஸ்ட் · மார்ச் 12, காலை 8.40

மேலே 1 மில்லிமீட்டர் துளை என்றது பால் பேரிங் டர்போவுக்கு மட்டும் என்று சேர்த்துவிடுங்கள். டிடி05 மாதிரி ஜர்னல் பேரிங்குக்கு எண்ணெய் வரத்தைக் குறைக்கும் அந்தத் துளையுள்ள கட்டுப்படுத்தியைப் போட்டால் எண்ணெய்ப் பஞ்சத்தில் செத்துப்போகும்.

காக்கி புக்கிட் · மார்ச் 12, காலை 9.15

ஆமாம், அதைப் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். பால் பேரிங்: 1 மில்லிமீட்டர் கட்டுப்படுத்தி. சில டர்போவில் உள்ளேயே இருக்கும், இன்னொன்று போடக் கூடாது. ஜர்னல் பேரிங்: கட்டுப்படுத்தி வேண்டாம்.

காக்கி புக்கிட் · மார்ச் 15, இரவு 9.50

250-க்கே போகிறவர்களுக்குப் பெட்ரோல் கணக்கு. மணிக்கு 62.5 கிலோ என்றோமே, அது 84.5 லிட்டர். நாலு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு நிமிஷத்துக்கு 352 மில்லி. இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது, ஆக 440. கடையில் 550 அளவை எடுங்கள். 1,000 வேண்டாம், ஐடிலில் தடுமாறும். ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்தது, இடைவெளி 0.7. பூஸ்ட் குழாய்களில் 1 பார் காற்றடைத்து சோப்பு நீர் தெளித்துக் கசிவு பாருங்கள். கசிந்தால் டர்போ அதே பூஸ்டுக்கு அதிக வேகம் சுற்றும், வீலுக்கு ஆயுள் குறையும்.

டியூனிங்கை 98-க்குச் செய்துவிட்டு மலேசியாவில் ஜோகூர் தாண்டி நீண்ட பயணம் போகிறவர்கள் கவனியுங்கள். முக்கால் டேங்க் இங்கிருந்தே நிரப்பிப் போனாலும் திரும்பும்போது அங்கே 97 போட வேண்டிவரும், நம் வண்டிக்கு அங்கே 95 தர மாட்டார்கள். இக்னிஷனில் ஒன்றிரண்டு டிகிரி பின்தள்ளியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

செங்காங் வாசகர் · மார்ச் 16, காலை 11.30

டர்போ டைமர் தேவையா?

காக்கி புக்கிட் · மார்ச் 16, பிற்பகல் 1.05

நீர்க்குளிரூட்டல் உள்ள டர்போவுக்குத் தேவையில்லை. இன்ஜின் நின்ற பிறகும் சூட்டினாலேயே தண்ணீர் சுற்றும். அதற்காகத்தான் நீர்த் துளைகள் கிடைமட்டமாக இல்லாமல் 20 டிகிரி சாய்ந்திருக்கும்படி நடுக்கூட்டைத் திருப்பி மாட்டச் சொல்கிறார்கள். நம் ஊரில் ஒரே ஒரு இடம் கவனம்: விரைவுச்சாலையிலிருந்து நேரே வந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மாடிக் கார்ப்பேட்டையில் ஏழாவது தளம் வரை ஏறி உடனே அணைப்பது. ஒரு நிமிஷம் ஐடிலில் விடுங்கள்.

தெம்பனிஸ் தம்பி · மார்ச் 19, இரவு 10.25

அண்ணே, கழட்டிப் பார்த்தாச்சு. பான்ஜோ போல்ட்டுக்குள்ள வலை முழுக்கக் கரி. ஷாஃப்ட் கையில எடுத்தா லொட லொடன்னு ஆடுது. 250 வேணாம்னு முடிவு பண்ணிட்டேன், அதே மாடல் புதுசு ஆர்டர் போட்டாச்சு. குழாய், பிசிவி, கேஸ்கெட் எல்லாம் புதுசு. வேற ஏதாவது விட்டுட்டேனா?

காக்கி புக்கிட் · மார்ச் 19, இரவு 10.50

செம்பு வாஷர். ஒவ்வொரு பான்ஜோ போல்ட்டுக்கும் இரண்டு, குழாயின் மேலே ஒன்று, கீழே ஒன்று. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் சேர்த்து எண்ணி வாங்குங்கள், பழையதைத் திருப்பிப் போட்டால் கசியும். டர்பைன் பக்க ஸ்டட், நட்டும் புதிது. பழைய ஸ்டட் கழற்றும்போது முறியும், முந்தின நாள் இரவே எண்ணெய் தெளித்து ஊறவிடுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஆறிய இன்ஜினில் மேனிஃபோல்ட் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். அன்றைக்கே எண்ணெயையும் மாற்றிவிடுங்கள், அந்த வலையிலிருந்து தப்பிய கரி இன்னும் சம்ப்பில் இருக்கும்.